சுருட்டை முடியும் கூடைக் கயிறும்

இன்று காலை ஜன்னல் வழியாக முடி கருகும் வாசம் வந்தது. கீழே, பழைய பாத்திரக் கடை இருந்த இடத்தில் ஒரு பெண் புதிதாக அலங்கார நிலையம் திறந்திருக்கிறாள். மின்சாரத்தில் சூடாகும் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு பதுளைப் பெண்களின் தலைகளையெல்லாம் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். சுருட்டட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த வாசம் படியேறி வந்ததும் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டு உன்னைத்தான் நினைத்தேன். நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருடி அங்க கோழி வாட்டுறது?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தியிருப்பாய். அவளும் சண்டைக்கு வந்திருப்பாள். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டும் இருந்திருப்பீர்கள்.

நீ போன பிறகு எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. சேர்ந்து செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போனவள் மேல் வருகிற கோபம். அதனால் இதைக் கொஞ்சம் உரக்கவே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ சொல்லும்போதெல்லாம் உன் பங்கைத் தூக்கி, என் பங்கைக் குறைத்துத்தான் சொல்வாய். இப்போது குறுக்கே பேச நீ இல்லை.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். லயத்து வீடு என்றால் காம்பரா என்கிற ஒரே அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று நாம் சொல்லும் ஒட்டுத் தாழ்வாரம், அவ்வளவுதான். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் உன் அப்பா இருமினால், இந்தப் பக்கத்திலிருந்து என் அம்மா, "சுடுதண்ணி குடிங்கண்ணே" என்பாள். நீயும் நானும் ஒரே வருடத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனோம். அதற்கு முன்னால் நான் கொஞ்ச காலம் துரை பங்களாவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்தப் பெருமையை நான் விடாமல் பேசுவேன், நீ விடாமல் கேலி செய்வாய்.

முதுகில் கூடை, கூடையின் கயிறு தலைக்கு மேலே. கயிற்றுக்கு அடியில் துணியை மடித்து வைத்துக்கொண்டாலும், மழையில் நனைந்த கொழுந்தின் பாரம் முழுவதும் மண்டையில் அந்த ஓரிடத்தில்தான் இறங்கும். சில வருடங்களில் அங்கே முடி மெலியும். பிறகு தேயும். பிறகு முளைக்கவே யோசிக்கும். எல்லோருக்கும் இருப்பதால் லயத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. உனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் அடர்த்தியான முடி. அந்த அடர்த்திக்கு நடுவில் உள்ளங்கையளவு வெறுமை. அதைத் தடவிக்கொண்டே, "இது தொரை எனக்கு எழுதிக் குடுத்த காணிடி" என்று சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு அந்தத் தையல்காரர் வந்தார். பதுளை டவுனில் அவர்களுக்குத் தையல் கடை. கிறிஸ்மஸுக்கு முன்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்து, லயத்து முனையில் உட்கார்ந்து எல்லோருக்கும் தைத்துக் கொடுப்பார்கள். அந்த முறை வந்தவர் கடைக்கார அம்மாவின் மகன். அவர் தைத்த ரவிக்கையை நீ திரும்பத் திரும்பக் கொண்டுபோனாய். ஒரு நாள் கை இறுக்குகிறது என்றாய். மறுநாள் கை தொளதொளவென்று இருக்கிறது என்றாய். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் அவரே, "இந்த ரவிக்கைய இனி பதுளைக்கு வந்துதாங்க சரி பண்ணணும்" என்றார். அது பெண் கேட்கிற பேச்சு என்று முதலில் புரிந்துகொண்டவள் நான். நீ இல்லை. இதையும் நீ மாற்றித்தான் சொல்வாய்.

அவருடைய அம்மா உன்னைப் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? புருஷன் இறந்த பிறகு தனியாளாகக் கடையை நடத்துகிற அம்மா. வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து முக்காடாகப் போட்டு, அது நழுவாமல் ஊசி குத்தியிருந்தார். கோயிலில் முக்காடு போடுவது நமக்கும் பழக்கம்தான். அவர் வீட்டிலும், கடையிலும், பஸ்ஸிலும் அப்படித்தான் இருப்பார் என்று பேச்சு. தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எம் மவன் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டான். நான் தடுக்கல. ஆனா மாதா கோயில்ல நிக்கிறப்ப, இது தோட்டத்துல கூடை சொமந்த புள்ளன்னு ஒருத்தரும் கண்டுபுடிக்கக் கூடாது. டவுன் பொண்ணு எப்பிடி நிக்குமோ அப்பிடி நிக்கணும். அது முடியலன்னா இப்பவே சொல்லிருங்க, தள்ளிப் போட்டுக்குவோம்."

தள்ளிப் போடுவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அந்த இடைவெளியில் மனசு மாற்ற எத்தனையோ பேர் வருவார்கள். அந்த அம்மாவின் அண்ணன் மகள் ஒருத்தி பண்டாரவளையில் தயாராக இருந்தாள். அதனால் தவக்காலத்துக்கு முந்திய சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அந்தக் காலத்தில் பதுளை ஸ்டூடியோக்களின் கண்ணாடிக்குள் இருந்த மணப்பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். வெள்ளைச் சேலை, தலையில் மெழுகுப்பூக் கிரீடம், அதிலிருந்து இறங்கும் வெள்ளை நெட், நெற்றிக்கு இரண்டு பக்கமும் சுருள் சுருளாக முடி. உன்னையும் அப்படிச் சுருட்டிப் பார்க்க, கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அக்கா ஒரு இரும்பு இடுக்கியோடு தோட்டத்துக்கு வந்தார். அடுப்புக் கரியில் இடுக்கியைக் காய வைத்து, உன் நெற்றி முடியைப் பிடித்துச் சுற்றினார். சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு கொத்து முடி இடுக்கியோடு கையில் வந்துவிட்டது. காம்பரா முழுக்கப் புகை.

"அய்யோ, அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையும் கொன்னுருவாங்க, கல்யாணத்தையும் தள்ளிருவாங்க" என்று அந்த அக்கா அழுதார்.

நீ கருகிய முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழாதீங்க மதினி. தலை தப்பிச்சுதுல்ல" என்றாய். அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பியதும் நீதான். அன்று சாயங்காலம் சுவருக்கு மேலாக உன் குரல் வேறு மாதிரி வந்தது. "அந்த பண்டாரவளக்காரி கட்டிக்கிட்டுப் போகட்டும்னு வாய் வார்த்தைக்குக் கூட என்னால சொல்ல முடியலடி. எனக்கு அவருதான் வேணும்" என்றாய். உன்னைக் கேலி செய்ய எனக்கு வாய் வராத ஒரே நாள் அதுதான்.

நான் சொன்னேன், சூடே இல்லாமல் சுருட்டலாம் என்று. பங்களாவில் துரைசாணி சனிக்கிழமை சாயங்காலம் தன் சின்ன மகளின் தலையை நனைத்து, பழைய துணியை நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு கொத்து முடியையும் நுனியிலிருந்து மேலே துணியில் சுற்றிக்கொண்டு போய் வேரில் முடிச்சுப் போட்டு விடுவாள். பிள்ளை அப்படியே தூங்கும். காலையில் அவிழ்த்தால் முடி சுருள் சுருளாகத் துள்ளும். நான் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்தவள். எனக்குத் தெரியாதா?

கோதுமை மா வந்த வெள்ளைப் பையைக் கிழித்து அன்றைக்கே கட்டினோம். காலையில் அவிழ்த்தபோது முடி, கொண்டையை அவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி விழுந்தது. ஒரு சுருள்கூட இல்லை. "ஒந்தொரைசாணி வித்தை எந்தலைக்கு ஆகாது போல" என்றாய். பிறகு உன் தலையைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. துரைசாணி மகளின் தலையில் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை. உன் தலையில் பிறந்ததிலிருந்து எண்ணெய் படாத நாளே இல்லை. எண்ணெய் ஊறிய முடி எந்த முடிச்சுக்கும் அடங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

சீயக்காய் போட்டு எண்ணெயை எடுப்பது பெரிய வேலை இல்லை. உன் அம்மாவுக்குத் தெரியாமல் எடுப்பதுதான் பெரிய வேலை. கல்யாண வீட்டில் பெண் எண்ணெய் இல்லாத தலையோடு இருக்கலாமா? நம் லயத்தில் எண்ணெய் வைக்காமல் முடியை விரித்துப் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். ஆகவே மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் ஒளிந்து நின்று தேய்த்தோம். வெறும் தண்ணீரில் சுருள் நிற்காது, சீனித் தண்ணீர் தடவலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "மாப்புள்ளைக்கு முன்னால எறும்பு வந்துரும்டி" என்று நீ ஒரே பேச்சில் தள்ளிவிட்டாய். தலை சொட்டச் சொட்ட இருக்கும்போதே கட்டி, மேலே சாக்கை மூடிக்கொண்டு படுத்தாய்.

மறுநாள் விடிகாலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. மலையில் பனிமூட்டம். இரவு முழுக்கக் கட்டியிருந்தும் முடி காயவில்லை. இஸ்தோப்பில் குந்தி, பாதித் துணியை அவிழ்த்து, முடியை முகத்துக்கு முன்னால் விரித்துப் போட்டுக் குனிந்து உதறிக்கொண்டிருந்தாய். மீதித் துணிகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த உன் அம்மா அந்தக் கோலத்தைப் பார்த்தாள். பக்கத்தில் உன் அப்பாவின் படுக்கை காலியாக இருந்தது. "என் குடி முழுகிப் போச்சே!" என்று ஒரு குரல் எடுத்தாள்.

அவ்வளவுதான். லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. பெண்கள் ஓடிவந்து உன்னைப் பார்த்தார்கள், உன் அம்மாவைப் பார்த்தார்கள். எண்ணெய் இல்லாத தலை, விரித்த முடி, வெள்ளைத் துணி. எதுவும் கேட்கவில்லை. அப்படியே வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, "இருமி இருமியே போயிட்டீங்களே மவராசா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். என் அம்மாகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் உன் அப்பா, வாய் நிறையக் கரியோடு பல்லைத் தேய்த்துக்கொண்டு லயத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது.

"யாரு போயிட்டது?" என்று கேட்டார். "சொல்லுங்கடி, நானும் துண்ட எடுத்துக்கிட்டு வர்றேன்."

நீ முடிக்குள்ளிருந்து சிரிக்க ஆரம்பித்தாய். உன் அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில், பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுப்பதைக்கூட மறந்து, எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து உன் தலையில் கவிழ்த்தாள். நம் வேலை எல்லாம் வீண். கல்யாணத்துக்கு இடையில் இருந்தது ஒரே ஒரு பகல்.

அன்று சாயங்காலம் நீ உன் அம்மாவிடம் பேசியதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒளித்துப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. நெற்றி முடி கருகியதைக் காட்டினாய். மாமியார் சொன்னதை நினைவுபடுத்தினாய்.

"எண்ணெ இல்லாத தலையோட எம்புள்ளய பீடத்துக்கு முன்னால நிறுத்துறதா? நான் மனுசியா?" என்றாள் உன் அம்மா.

"அம்மா, நீ எண்ணெ வச்சு அனுப்புனா நான் திரும்பி வந்துருவேன். எண்ணெ வைக்காம அனுப்புனா அங்கேயே இருப்பேன். ஒனக்கு எது வேணும்?"

பிறகு சீயக்காய் இடிக்கும் சத்தம் கேட்டது. தாலி ஏறியதும் அந்த இடத்திலேயே எண்ணெய் வைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, மறுநாள் காலையில் உன் அம்மாவே உன் தலையைத் தேய்த்துவிட்டாள். அவள் தேய்த்த தேய்ப்பில் எண்ணெய் மட்டும் அல்ல, அழுக்கு, பேன், பழைய கோபம் எல்லாம் போயிருக்கும்.

நான் உடனே ஈரத்தோடு கட்டப் போனேன். நீ கையைப் பிடித்தாய். "இருடி. பறிச்ச ஈரத்தோட கொழுந்த சுருட்டுவாங்களா ஃபெக்டரியில? பரப்பி வச்சு வாட்டித்தானே சுருட்டுறாங்க. இதையும் கொஞ்சம் வாட விடு" என்றாய். நாம் வாழ்நாள் முழுக்கப் பறித்த இலை அது. வாடாத கொழுந்து சுருளாமல் உடையும் என்று தோட்டத்தில் பிறந்த எவளுக்கும் தெரியும். தலைமுடிக்கு அதை யோசித்தவள் நீ. ஒப்புக்கொள்கிறேன், இது உன் பங்கு. பகல் முழுக்க முதுகில் விரித்து வாட விட்டோம். தொட்டால் குளிர்ச்சி, பிழிந்தால் தண்ணீர் இல்லை என்ற பதத்தில், வெளிச்சம் இருக்கும்போதே கட்டினேன். விடிந்ததும் பனிக்குள் அவிழ்க்கக் கூடாது, வெயிலுள்ள பதுளைக்குப் போய்த்தான் அவிழ்க்க வேண்டும் என்று சொன்னது நான். அது என் பங்கு.

இப்படியாக ஒரு கல்யாணப் பெண், தலை முழுக்க மா மூட்டைத் துணி முடிச்சுகளோடு, அதன் மேல் கம்பளியைத் தலையோடு கொங்காணி போட்டு மூடிக்கொண்டு மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்கு மலையிறங்கினாள். வளைவுகளில் கம்பளி நழுவும்போதெல்லாம் நான் இழுத்து இழுத்து விட்டேன். கொண்டக்டர் டிக்கட் கொடுக்கும்போது பார்த்துவிட்டார்.

"ஏம்மா, தலையில காயமா? ஆஸ்பத்திரிக்கா போறீங்க?"

"இல்லைங்க, கல்யாணம்" என்றாய்.

பஸ்ஸே சிரித்தது. உனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. பசறை தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியாக உன் மடியில் விழுந்தது. அதைப் பார்த்து, "காயும்டி, காயும்" என்று எனக்கு நீ தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாய். தைரியம் தேவைப்பட்டது எனக்குத்தான்.

மாதா கோயிலுக்குப் பின்னால் பெண்ணை அலங்காரம் செய்ய ஒரு அறை கொடுத்திருந்தார்கள். முதல் துணியை அவிழ்த்தேன். சுருள் கீழே விழுந்து, மறுபடி தானாக மேலே ஏறி நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. கருகிய கொத்துகூட மற்றச் சுருள்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. நான் பழக்கத்தில் சீப்பை எடுத்தேன். நீ தட்டிவிட்டாய். விரலால் மட்டும் பிரித்தோம். கண்ணாடியில் பார்த்து, "யாருடி இவ, நல்லாருக்காளே" என்றாய். மாப்பிள்ளையின் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கிரீடத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் நான் செய்த தவறு தெரிந்தது. சுருண்ட முடி நீளத்தில் பாதியாகிவிடும். எந்த முடியை நடு மண்டைக்கு மேலாக வாரி அந்த வெறுமையை மறைக்கலாம் என்று நினைத்திருந்தோமோ, அந்த முடி எல்லாம் இப்போது காதோடு நின்றுவிட்டது. மேலே இழுத்தால் துள்ளிக்கொண்டு திரும்பிப் போனது. கயிறு விழுந்த இடம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. கிரீடத்தை ஊசியால் பொருத்தப் பார்த்தேன். வெறும் தோலில் ஊசி எதைப் பிடிக்கும்? கிரீடம் சரிந்தது. நெட்டும் அதோடு சரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சரிந்தது. நெட்டோ சிலந்தி வலை மாதிரி மெல்லியது. அதற்குள்ளால் எல்லாம் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உன் மாமியார் வந்தார். உன் தலையைப் பார்த்தார். மகளைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றார். வாய் நிறையக் கொண்டை ஊசிகளோடு நின்ற நான் பேசவும் முடியாமல், போகவும் முடியாமல் சுவரோரம் ஒதுங்கினேன். கதவைச் சாத்தினார். கோயிலுக்குள் யாரோ ஆர்மோனியத்தை அழுத்திச் சுதி பார்க்கும் சத்தம் கேட்டது. அவர் உனக்குப் பின்னால் வந்து நின்று, நடு மண்டையில் அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தார். முடிந்தது கல்யாணம் என்று நான் நினைத்தேன்.

"நடுவுலயா போடுவ?" என்றார்.

"என்னங்க அத்தை?"

"கயிறு. நடு மண்டையிலயா, கொஞ்சம் முன்ன தள்ளியா?"

நீ கண்ணாடிக்குள் அவரை நிமிர்ந்து பார்த்தாய். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த இடத்தில் அழுதிருப்பாள், இல்லையென்றால் தலையைக் குனிந்திருப்பாள். நான் அழுதிருப்பேன்.

"நடுவுலதாங்க அத்தை" என்றாய். ஒரு மூச்சு விட்டு, "நீங்க?" என்றாய்.

என் வாயிலிருந்த ஊசிகள் தரையில் கொட்டின. அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு முந்தானையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, முக்காட்டைத் தோளுக்கு இறக்கினார். உனக்கு இருந்ததைவிட அகலமான இடம். நரைத்த முடிக்கு நடுவே பழைய நாணயம் போல வழவழவென்று இருந்தது. அதன் குறுக்கே ஒரு வெள்ளைத் துணி நாடா கட்டியிருந்தது.

"நான் முன்ன தள்ளி. எங்க மலை செங்குத்து, நடுவுல போட்டா பின்னால இழுத்துரும்" என்றார். "அவுக மெஷினு வாங்கி டவுனுக்கு எறங்குற வரைக்கும் சொமந்தேன். புள்ளைங்களுக்குத் தெரியாது."

"எந்த மலைங்க?"

"நமுனுகுலைக்கு அந்தப் பக்கம். இப்ப அதெல்லாம் எதுக்கு? அந்தத் துணியில ஒண்ணு எடு."

நான் அவிழ்த்துப் போட்ட மா மூட்டைத் துணி நாடா ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதை இரண்டாக மடித்து, கூடைக் கயிற்றுக்கு அடியில் துணி வைப்பது போலவே உன் நடு மண்டையில் பதித்து, முனைகளைச் சுருளுக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடரியில் இறுக்கி முடிந்தார். "வெறும் மண்டையில ஊசி நிக்காது. துணியில நிக்கும்" என்றார். பின்னாலிருந்து இரண்டு சுருளைப் பிரித்து, ஈர விரலால் நீட்டி, முன்னால் கொண்டுவந்து துணியின் மேல் படிய வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஊசி குத்தினார். அதன் மேல் கிரீடம். தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தன் முக்காட்டை மறுபடி போட்டுக்கொண்டு, கதவைத் திறக்கும் முன்னால், "இது இந்த ரூமோட இருக்கட்டும்" என்றார். நீ, "சரிங்க அத்தை" என்றாய்.

அன்று கோயிலில் உன்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தாலி ஏறியதும் வாசலில் எண்ணெய்ப் போத்தலோடு காத்திருந்த உன் அம்மாவைத்தான் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். படம் எடுக்கும் வரைக்கும் அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள உன் அப்பாவும் நானும் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உன் மாமியார் இருந்தவரை என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் வந்துபோகிற சனிக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கடையை மூடியதும் அவர் உள்ளறையில் உன் முன்னால் வந்து உட்காருவார். பெற்ற மகளையே தலையைத் தொட விடாதவர், முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையை உன்னிடம் கொடுப்பார். நாடாவை மாற்றிக் கட்டி, நெற்றியோர நரைமுடியை இரண்டு துணி முடிச்சில் சுற்றிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அந்த வயதிலும் முக்காட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருள் எட்டிப் பார்க்கும். கடைக்கு வந்த ஒருத்தி, "மருமக தோட்டத்துப் புள்ளயாமே?" என்று இழுத்தபோது, "ஆமா. அதுக்கென்ன இப்ப? துணிய கீழ வச்சுட்டு அளவ சொல்லு" என்று அவர் சொன்னதை நீ எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய்!

உன் கல்யாணப் படத்தைப் பார்த்துத்தான் டவுன் பெண்கள் உன்னிடம் சுருள் கேட்டு வரத் தொடங்கினார்கள். "என்னால கடையையும் பாத்து தலையையும் பாக்க முடியாதுடி, எறங்கி வா" என்று எனக்கு ஆள் அனுப்பினாய். நான் கூடையை இறக்கி வைத்தது அன்றைக்குத்தான். இந்த மாடியறையும், இந்தச் சாப்பாடும், என் பெயரைச் சொல்லிப் படியேறி வருகிற மணப்பெண்களும் நீ கொடுத்தது. இதை உனக்கு நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் நீ தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாய் என்ற பயம்.

உன் மாமியார் இறந்தபோது அவரைக் குளிப்பாட்டித் தலை வாரியது நீ. அடக்கம் முடிந்து வந்து, அன்றைக்குத்தான் அறையை விட்டு வெளியே அந்தக் கதையைச் சொன்னாய், உன் புருஷனிடம். பிறகு நீ மறைப்பதை விட்டுவிட்டாய். வகிடு எடுத்து, எண்ணெய் வைத்து, நடுவில் அந்த இடம் தெரியத் தெரியவே கடையில் உட்கார்ந்திருந்தாய். கேட்டவர்களிடம், "கூடை சொமந்த எடம்" என்றாய்.

இப்போதும் தோட்டங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள், டவுனில் வாழ்க்கைப்படப் போகிறவர்கள். முடியைப் பிரிக்கும்போது என் விரல் அந்த இடத்துக்குப் போய் நிற்கும். அவள் தோள் இறுகுவது எனக்குத் தெரியும். நான் துணி நாடாவை மடித்துக்கொண்டே, "நடுவுலயா போடுவ, முன்ன தள்ளியா?" என்று கேட்பேன். சிலர் மெதுவாகப் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்கு நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டி, கூடுதலாக இரண்டு ஊசி குத்தி, மாதாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவைக்கிறேன். எப்போதாவது ஒருத்தி கண்ணாடிக்குள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க?" என்று கேட்கிறாள். அவளுக்கு முன்னால் நான் என் தலையைக் குனிந்து காட்டுகிறேன். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் இருந்துவிடுவாள்.